பெரிய சுவிட்ச் காத்திருக்க வேண்டும்

எட்டாங்கட்டைத் தோட்டம்,
லூபோக் சீனா.
16-11-1951

அன்புள்ள மச்சானுக்குத் தம்புசாமி எழுதுவது.

நேற்று, வியாழக்கிழமை மாலை, விளக்கு போட்ட சற்று நேரத்தில் தோட்டம் முழுவதும் இருண்டது. இந்த மாதத்தில் இது இரண்டாம் முறை. இது என் வாய்ச்சொல் மட்டுமல்ல. காவல் கொட்டகைப் புத்தகத்தில் கார்ப்பரல் எழுதி, துரையும் அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

அங்கே நீங்களும் ஜானகி அக்காவும் எப்படி இருக்கிறீர்கள்? பையனுக்கு இருமல் விட்டதா? இங்கே உங்கள் தங்கை பெரியநாயகிக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. மழைதான் விடவில்லை.

வேலி போட்ட பிறகு நீங்கள் இந்தப் பக்கம் வரவில்லை. காட்டுக்காரர்களுக்கு, துப்பாக்கியோடு ஒளிந்திருக்கும் அந்தக் கம்யூனிஸ்டுகளுக்கு, சோறு போய்விடக் கூடாது என்று எல்லா லயங்களையும் ஒரே இடத்துக்கு மாற்றி, சுற்றி முள்கம்பி போட்டிருக்கிறார்கள். வேலி ஓரம் முழுக்க விளக்குக் கம்பங்கள். விளக்குக்கென்று தனி எஞ்சின், தனி போர்டு, இரண்டும் என் பொறுப்பு. போர்டில் ஒரு பெரிய சுவிட்ச். அதற்குப் பிறகு ஒவ்வொரு மூலைக்கும் ஒரு ஃபியூஸ். செப்டம்பரில் கிழக்கு மூலை ஃபியூஸ் இரண்டு தடவை உருகியது. அந்த மூலை மட்டும் இருண்டது. கம்பி மாற்றினேன், முடிந்தது.

இப்போது அப்படி இல்லை. ஃபியூஸ் எல்லாம் முழுசாக இருக்கின்றன. பெரிய சுவிட்ச் மட்டும் விழுந்து கிடக்கிறது. தூக்கிப் போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல எல்லாம் எரிகிறது. வேலியைச் சுற்றிப் பார்த்தேன். கம்பி அறுபடவில்லை, கிளை எதுவும் விழவில்லை.

சுவிட்ச் விழுந்ததும் சுமை இறங்கி, எஞ்சினின் குரல் மேலே ஏறுகிறது. லயத்தில் இப்போது எல்லோருக்கும் அந்தக் குரல் தெரியும். அது ஏறினால் பிள்ளைகள் பாதிச் சொல்லில் வாயை மூடிக்கொள்கிறார்கள். நாய்கூடக் குரைப்பதில்லை. குஞ்சம்மாள் ஒருத்திதான் குழாயடியில் நின்று சிரித்தாள். “தம்புசாமிண்ணே, ஒங்க வெளக்கு எங்க மாமியா மாதிரி லா. வர்றப்பவும் சொல்லாது, போறப்பவும் சொல்லாது!” பக்கத்து வீட்டு மருதமுத்துவின் மனைவி அவள். பெரியநாயகி காய்ச்சலில் கிடந்தபோது ராத்திரி பகல் பார்த்துக்கொண்டவள்.

கார்ப்பரல் சிரிக்கவில்லை. “மூணாவது வாட்டி போச்சுன்னா, போக வேண்டியது வெளக்கா நீயான்னு கேப்பேன்” என்றார். அடுத்த தோட்டத்தில் பம்பு பார்த்துக்கொண்டிருந்தவரைக் காவலில் வைத்துக் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் இங்கே பிறந்தவர். நானும் இங்கே பிறந்தவன்தான்.

நீங்கள் நாள்தோறும் இந்தச் சுவிட்சுகளைச் சோதிப்பவர். ஒரு வழி எழுதுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.
தம்புசாமி

—

புக்கிட் காத்தில்,
மலாக்கா.
25-11-1951

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் வந்தது. பையனுக்கு இருமல் குறைந்திருக்கிறது. அவனோடு விழித்திருந்து ஜானகிதான் இளைத்துவிட்டாள். தங்கையை ஈரத்தில் நிற்க விடாதீர்கள், அவளுக்கு மார்புச் சளி சீக்கிரம் கட்டும்.

கிழக்கு மூலையில் கம்பியோடு கம்பி உரசினால் அந்த மின்சார வேகம் ஃபியூஸ் வழியாகவும் பெரிய சுவிட்ச் வழியாகவும்தான் போகும். இரண்டுக்கும் ஒரே நேரத்தில் தெரியும். சிறிய ஃபியூஸ் முதலில் சாக வேண்டும், பெரிய சுவிட்ச் காத்திருக்க வேண்டும். அப்படித்தான் ஒன்றுக்கொன்று பொருத்தி வைத்திருப்பார்கள். உங்கள் போர்டில் பெரியது அவசரப்படுகிறது. சிறியது உருகுவதற்குள் விழுந்துவிடுகிறது. அதனால்தான் கோளாறு எந்த மூலை என்ற அடையாளமும் கிடைப்பதில்லை.

மூன்று விஷயம் பார்த்து எழுதுங்கள். கிழக்கு மூலை ஃபியூஸில் நீங்கள் போட்ட கம்பி பழைய கனம்தானா? பெரிய சுவிட்சில் அளவு காட்டும் முள்ளை யாராவது நகர்த்தியிருக்கிறார்களா? மூன்றாவது, சுவிட்சின் அடியில் மூன்று சின்னப் பித்தளைக் கிண்ணங்கள் தொங்கும். அவற்றில் எண்ணெய் இருக்கிறதா? உள்ளே இருக்கும் தண்டு அந்த எண்ணெயில் மெல்ல ஏறி வந்துதான் சுவிட்சைத் தட்டும். அந்த மெதுவுதான் அது காத்திருக்கும் நேரம். எண்ணெய் இல்லாவிட்டால் துள்ளி ஏறிவிடும்.

லயத்தில் பேய் பிசாசு என்று பேச ஆரம்பித்திருப்பார்கள். பேசட்டும். நீங்கள் பார்த்ததை மட்டும் எழுதுங்கள்.

இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
நல்லமுத்து

—

எட்டாங்கட்டைத் தோட்டம்,
8-12-1951

மச்சானுக்கு,

குஞ்சம்மாள் இறந்துவிட்டாள். நவம்பர் 30, வெள்ளிக்கிழமை மாலை. இத்தனை நாள் எழுத முடியாமல் போனதற்கு அதுதான் காரணம்.

அன்று மூன்றாம் முறையாக இருண்டது. அவள் கிழக்கு மூலைக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். விளக்கு வந்து சிறிது நேரம் வரை குழாயடிக்குப் போக அனுமதி உண்டு, அவள் செய்தது குற்றமில்லை. விளக்கு போனதும் வேலியோரம் ஏதோ அசைவதைப் பார்த்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள் ஒருவர், நில் என்று மலாயில் கத்தியிருக்கிறார். அவள் பயந்து, வாளியையும் விடாமல் ஓடியிருக்கிறாள். ஓடுவது யாரென்று இருட்டில் அவருக்குத் தெரியவில்லை. ஒரே வெடிதான் கேட்டது.

விளக்கு வந்தபோது வாளி நிமிர்ந்தபடி நின்றது. அதில் தண்ணீர் சிந்தாமல் இருந்ததாக மருதமுத்து சொல்கிறார். ஓடியவள் கை வாளி எப்படிச் சிந்தாமல் இருக்கும் என்று நான் அவரிடம் கேட்கவில்லை.

நான் எஞ்சின் வீட்டில் இருந்தேன்.

நீங்கள் கேட்டவை. கிழக்கு மூலை ஃபியூஸ் கம்பி பழைய கனம்தான், அதே சுருளிலிருந்து எடுத்தது. அளவு முள் இருந்த இடத்தில் இருக்கிறது, அதன்மேல் பழைய பெயிண்ட்கூட உரியவில்லை. கார்ப்பரல் இப்போது போர்டின் கம்பிவலைக் கதவைச் சாத்திக் காகிதம் ஒட்டி அரக்கு வைத்துவிட்டார். சுவிட்சின் கைப்பிடி மட்டும் வெளியே நிற்கிறது. இனி விழுந்தால் அவரே வந்து தூக்குவார்.

பெரியநாயகி சரியாகச் சாப்பிடுவதில்லை. மருதமுத்துவுக்கும் சேர்த்துச் சமைத்துக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து படுத்துக்கொள்கிறாள். என்னை இரண்டு தடவை அலோர் காஜா போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டுக் கேட்டார்கள். மறுபடியும் கூப்பிடுவார்கள்.

பையன் தேறியிருப்பான் என்று நம்புகிறேன்.
தம்புசாமி

—

புக்கிட் காத்தில்,
15-12-1951

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

குஞ்சம்மாள் செய்தியைப் படித்ததும் ஜானகி அடுப்பை அணைத்துவிட்டாள். தீபாவளிக்கு அவள் கொடுத்தனுப்பிய முறுக்கு டின் இன்னும் இங்கேதான் இருக்கிறது. மருதமுத்துவிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

நான் மூன்று கேள்வி கேட்டிருந்தேன். இரண்டுக்குப் பதில் வந்திருக்கிறது. உங்கள் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். விட்டுப்போனதா, விட்டுவிட்டீர்களா?

நீங்கள் எதையும் மறக்கிறவர் இல்லை. கிண்ணத்துக்கு ஏற்ற எண்ணெய் ஒரு பாட்டில் வொர்க்‌ஷாப்பிலிருந்து வாங்கி, உங்கள் தோட்டத்து லாரி டிரைவர் வீரமுத்துவிடம் கொடுத்திருக்கிறேன். வேறு எண்ணெய் ஊற்றிவிடாதீர்கள்.

ஸ்டேஷனில் என்ன கேட்டார்கள், நீங்கள் என்ன சொன்னீர்கள், இரண்டையும் எழுதுங்கள். தங்கை சாப்பிட்டாளா என்றும் எழுதுங்கள்.

நல்லமுத்து

—

எட்டாங்கட்டைத் தோட்டம்,
2-1-1952

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும் பெரியநாயகி எழுதுவது.

போன வியாழக்கிழமை அவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அலோர் காஜா லாக்கப்பில் வைத்திருக்கிறார்கள். காட்டுக்காரர்களுக்காக விளக்கை அணைத்துக் கொடுத்தார் என்று எழுதியிருப்பதாகத் தோட்டத்து ஆபீஸ் கிராணி சொன்னார். பிப்ரவரியில் விசாரணை நடக்குமாம். அவர்மேல் தப்பில்லை என்று அதிகாரிகள் ஒத்துக்கொண்டால்தான் விடுவார்களாம், இல்லையென்றால் கப்பல். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, “வெறகு நனையுது, உள்ள எடுத்து வை” என்று மட்டும் சொல்லிவிட்டு லாரியில் ஏறினார்.

வீரமுத்து அண்ணன் ரப்பர் ஏற்றிப்போகும்போது அவருக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறார். உங்களுக்கும் அவர் மூலமாகத்தான் இதை அனுப்புகிறேன். “டவுன்ல கரண்டு போனா மெழுகுவத்தி தேடுவாங்க. இங்க போனா ஆளைத் தேடுறாங்க லா” என்கிறார்.

ஆனால் அண்ணா, அவர் உள்ளே இருக்கும்போதே ஞாயிற்றுக்கிழமை மாலை மறுபடியும் எல்லாம் இருண்டது. எஞ்சின் குரல் ஏறியதுமே நான் கதவைச் சாத்திவிட்டேன். யாரும் வெளியே போகவில்லை. எல்லா வீட்டிலும் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. வெறும் தரையில் விழுகிற சத்தமில்லை, வாளியில் விழுகிற சத்தம். நிறைய நிறையச் சத்தம் மாறுமே, அப்படி மாறியது. கார்ப்பரல் சுவிட்சைத் தூக்கி விளக்கு வந்த பிறகு ஆண்கள் போய்ப் பார்த்தார்கள். குழாய் திறந்திருந்தது, வாளி எதுவும் இல்லை. மருதமுத்து அண்ணன் போய் மூடிவிட்டு வந்தார். யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

அவர் லாக்கப்பில் இருக்கும்போது விளக்கு போயிற்றென்றால், அணைத்தது அவர் இல்லைதானே? நீங்கள் இதைப் போலீசுக்கு எழுதிச் சொல்லக் கூடாதா?

நீங்கள் அனுப்பிய எண்ணெய் அவரைப் பிடிப்பதற்கு முன்பே வந்தது. அவர் அந்தப் பாட்டிலை வெகு நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னவென்று கேட்டதும் பரணில் வைத்துவிட்டார்.

இன்னொன்று. எஞ்சின் வீட்டைக் கூட்டித் துடைக்க என்னை விட்டிருக்கிறார்கள். ஆயுத பூசைக்கு அவர் பூசணிக்காய் வாங்க லூபோக் சீனா போயிருந்த சமயம், எஞ்சின் நின்றிருக்கிறதே என்று நானும் குஞ்சம்மாளும் எல்லாவற்றையும் கழுவித் துடைத்தோம். போர்டுக்கு அடியில் விளக்குக் கிண்ணம்போல மூன்று தொங்குமே, அதையும் கழற்றி, கறுத்துப்போன எண்ணெயைக் கதவுக் கீலுக்கு விட்டுவிட்டு, புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து மாட்டினோம். பொன்போல இருந்தது. இப்போது வலைக்குள்ளே மங்கிக் கிடக்கிறது. பொங்கல் வருகிறதே, காகிதத்தைப் பிரித்தால் மறுபடி தேய்த்து வைக்கட்டுமா? அவர் வரும்போது நன்றாக இருக்க வேண்டும்.

அண்ணி உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும்.
பெரியநாயகி

—

புக்கிட் காத்தில்,
7-1-1952

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இது சாப்பாட்டுத் தூக்கோடு வருகிறது. வீரமுத்துவைத் தவிர யார் கையும் படாது. படித்துவிட்டு அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

என் மூன்றாவது கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. எழுதியது தங்கை. என்ன எழுதுகிறோம் என்று தெரியாமல் எழுதியிருக்கிறாள். நீங்கள் ஏன் எழுதவில்லை என்று இப்போது புரிகிறது. ஆனால் எப்போது தெரிந்துகொண்டீர்கள் என்பது புரியவில்லை. குஞ்சம்மாளுக்கு முன்பா, பின்பா? இதை மட்டும் மறைக்காதீர்கள்.

துரை எங்கள் கம்பெனிக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். இம்மாதம் 18-ஆம் தேதி, கார்ப்பரல் முன்னிலையில் அரக்கைப் பிரித்துப் போர்டைச் சோதிக்க என்னைத்தான் அனுப்புகிறார்கள். உறவு என்று சொல்லிப் பார்த்தேன். கம்பெனியில் வேறு டெஸ்டர் இல்லை.

எண்ணெய் ஊற்றினால் இருட்டு நிற்கும். நீங்கள் உள்ளே, விளக்கு வெளியே. ஆளைப் பிடித்ததும் இருட்டு நின்றது என்பார்கள். ஊற்றாமல் விட்டால் மறுபடி மறுபடி இருளும், உங்கள் மேல் தப்பில்லை என்பதற்கு அதுவே சாட்சி. அதற்குள் குழாயடியில் இன்னொருத்தி நிற்கலாம். இதை நான் ஒருவனாக முடிவு செய்ய விரும்பவில்லை.

அறிக்கையும் எழுத வேண்டும். கிண்ணம் வறண்டிருந்தது என்று எழுதினால், யார் காலி செய்தது என்று கேட்பார்கள்.

ராத்திரி குளிருக்குப் போர்வை கொடுக்கிறார்களா?
நல்லமுத்து

—

அலோர் காஜா,
10-1-1952

மச்சானுக்கு,

எண்ணெயை ஊற்றிவிடுங்கள். 18-ஆம் தேதி வரை பொறுக்காமல் முடிந்தால் முன்னாலேயே ஊற்றுங்கள்.

முன்பா பின்பா என்று கேட்டீர்கள். உங்கள் நவம்பர்க் கடிதம் அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் என் கைக்கு வந்தது. மாலையில் விளக்கைப் போட்டுவிட்டு முதல் கிண்ணத்தைத் திருகிக் கழற்றினேன். உள்ளே எண்ணெய் இல்லை. அடியில் என் முகம் தெரிந்தது. அந்தத் தேய்ப்பு யாருடைய கை என்று எனக்குத் தெரியாதா? கிண்ணம் கையில் இருக்கும்போதே எஞ்சினின் குரல் ஏறியது. பிறகு வெடிச் சத்தம்.

கார்ப்பரல் டார்ச்சோடு ஓடி வந்தார். என் கையைத்தான் பார்த்தார்.

“அது என்னா கையில?”

பதில் சொல்ல வாய் திறந்தேன். வெளியே பெரியநாயகி குஞ்சம்மாளைப் பேர் சொல்லிக் கூப்பிடும் குரல் கேட்டது. இருட்டில் அவளைத் தேடிக்கொண்டு குழாய்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன். இன்றுவரை திறக்கவில்லை. ஸ்டேஷனிலும் அதே கேள்விதான் கேட்கிறார்கள்.

மச்சான், கப்பலில் போனாலும் நான் பிழைத்துக்கொள்வேன். பெரியநாயகி மருதமுத்து வீட்டுக்கு இரண்டு வேளை சோறு கொண்டுபோகிறாளே, ஒன்றும் தெரியாமல் கொண்டுபோகட்டும். எண்ணெயை எடுத்துவிட்டு ஊற்ற மறந்தவன் நான் என்று எழுதுங்கள்.

இங்கே போர்வை கொடுத்திருக்கிறார்கள். சுவரில் உயரமாக ஒரு பல்பு, அதை அணைப்பதே இல்லை. தூங்கும்போதுகூடக் கண்ணுக்குள் வெளிச்சம் இருக்கிறது. ஆனாலும் எஞ்சின் குரல் ஏறுவதுபோலக் கேட்டு எழுந்து உட்காருகிறேன். இந்த ஊரில் எஞ்சின் இல்லை.

தம்புசாமி

—

புக்கிட் காத்தில்,
20-1-1952

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

வெள்ளிக்கிழமை எண்ணெய் ஊற்றியாயிற்று. அதற்கு முன்னால் விடவில்லை. கார்ப்பரலும் துரையும் பக்கத்தில் நின்றார்கள். மூன்று கிண்ணமும் வறண்டிருந்ததை அவர்களும் பார்த்தார்கள். விளக்கு மட்டும் ஓடும் போர்டு என்பதால்தான் இத்தனை நாள் தெரியாமல் போயிற்று. மோட்டார் ஓடும் போர்டாக இருந்தால், மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் வேகத்திலேயே சுவிட்ச் விழுந்து அடுத்த நாள் காலையிலேயே காட்டிக்கொடுத்திருக்கும்.

விளக்கு போட்ட பிறகு எஞ்சின் வீட்டு வாசலில் காத்திருந்தோம். கிழக்கு மூலையில் வேலிக்கு வெளியே ஓர் இலவ மரம் பூத்திருக்கிறது, நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தி மங்கியதும் கெலுவாங் கூட்டம் வந்தது. அந்தப் பழவௌவால்கள் சிறகை விரித்தால் ஆள் கை விரித்த அகலம். ஒன்று கம்பிகளுக்கு நடுவே போனது. நீல நிறத்தில் பளிச்சென்றது. கிழக்கு மூலை மட்டும் அணைந்தது. பெரிய சுவிட்ச் காத்திருந்தது. மற்ற விளக்குகள் அசையவில்லை, எஞ்சினின் குரலும் மாறவில்லை. செத்த வௌவால் வேலிக்கு வெளியே லாலான் புல்லில் விழுந்தது. ஊரடங்கில் அங்கே யாரும் போவதில்லை. விடிவதற்குள் உடும்பு இழுத்துப் போய்விடும். அதனால்தான் உங்களுக்குத் தடயம் கிடைக்கவில்லை.

இதுவரை எனக்கு விளங்கியது. விளங்காததையும் எழுத வேண்டும். அந்த மூலை இருண்டதும் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. வாளி நிறையும் சத்தம்தான். கார்ப்பரலுக்கும் கேட்டது. டார்ச்சை அடித்துக்கொண்டு இருவரும் போனோம். குழாய் இறுக மூடியிருந்தது. அடியில் தரை காய்ந்திருந்தது. “நீ கேட்டியா?” என்றார். கேட்டேன் என்றேன். “நான் புக்குல எழுதமாட்டேன்” என்றார். நானும் அறிக்கையில் எழுதவில்லை.

தங்கையைப் பற்றி. நான் எண்ணெய் ஊற்றும்போது அவள் வாசலில் துடைப்பத்தோடு நின்றாள்.

“அதுக்குள்ள எண்ணெ வேணுமாண்ணே?”

“துருப் பிடிக்காம இருக்கத்தான்.”

“பித்தளை துருப் பிடிக்காதே.”

நான் திரும்பிப் பார்க்காமல் திருகாணியை முடுக்கினேன். ஒரு மூலை மட்டும் இருண்டு மற்றதெல்லாம் எரிந்தபோதும் அவள் அங்கேதான் நின்றிருந்தாள். பிறகு பார்த்தால் இல்லை. ராத்திரி எனக்குச் சோறு போட்டாள்.

அறிக்கையை 28-ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். நீங்கள் சொன்னபடி எழுதினால், காலிக் கிண்ணத்தைக் கையில் வைத்திருந்தவரின் பேச்சை யார் நம்புவார்கள்? இன்னும் ஒரு வரியும் எழுதவில்லை.

நல்லமுத்து

—

எட்டாங்கட்டைத் தோட்டம்,
27-1-1952

உங்களுக்குப் பெரியநாயகி எழுதுவது.

உடம்பு எப்படி இருக்கிறது? வீரமுத்து அண்ணன் நீங்கள் மெலிந்துவிட்டதாகச் சொன்னார். தூக்கு காலியாக வருகிறது. நீங்கள் சாப்பிட்டுத்தான் காலியாகிறது என்று நினைத்துக்கொள்கிறேன்.

என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லவில்லை, அண்ணனும் சொல்லவில்லை. அண்ணன் கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றிய பிறகு அந்த மூலை மட்டும் இருண்டு மற்ற விளக்கெல்லாம் எரிந்ததைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. பக்கத்துக் கம்பத்து வெளிச்சம் குழாயடி வரைக்கும் விழுந்தது. அன்றைக்கும் அது விழுந்திருந்தால் அங்கே நிற்பது ஒரு பொம்பிளை என்று அந்த ஸ்பெஷல் கான்ஸ்டபிளுக்குத் தெரிந்திருக்கும்.

முதலில் மருதமுத்து அண்ணனிடம் போய்ச் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நானும் குஞ்சம்மாளும் ஆயுத பூசையன்று கிண்ணத்தைத் தேய்த்ததை, எண்ணெயைக் கீலுக்கு விட்டதை, எல்லாவற்றையும் சொன்னேன். கழற்றியது நான், தேய்த்தது அவள், திருப்பி மாட்டியது நான். பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவினார்.

“எவ்வளவு எண்ணெ அது?”

“மூணுக்கும் சேத்து ஒரு டம்ளர் இருக்கும்ணே.”

“ஒரு டம்ளர்” என்றார். பிறகு, “தம்புசாமிக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

“தெரிஞ்சுதான் வாய மூடிக்கிட்டு உள்ள கெடக்குறாரு.”

அன்றிலிருந்து நான் வைக்கும் சோறு வைத்த இடத்திலேயே இருக்கிறது. நானும் வைக்காமல் இல்லை.

பிறகு கார்ப்பரலிடம் போனேன். கிராணி மலாயில் எழுதினார், நான் கைநாட்டு வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டேன். “புருஷன் செய்யச் சொல்லித்தானே செஞ்சே?” என்று மூன்று விதமாகக் கேட்டார்கள். “பித்தளையத் தேய்க்க எனக்குப் புருஷன் சொல்லணுமா?” என்றேன். கிராணி சிரித்துவிட்டார். கார்ப்பரல் கீல் இருக்கும் கதவைப் போய்த் தள்ளிப் பார்த்தார். சத்தமில்லாமல் திறந்தது. அதையும் எழுதிக்கொண்டார். உங்களை விட்டுவிட்டு என்னை வைத்துக்கொள்வார்களா, இரண்டு பேரையும் வைத்துக்கொள்வார்களா என்று கேட்டேன். அது தன் கையில் இல்லை என்றார்.

அண்ணன் பார்த்ததை உள்ளபடி எழுதட்டும் என்று சொல்லியனுப்பிவிட்டேன். நீங்கள் என்மேல் கோபப்பட்டால் வெளியே வந்து கோபப்படுங்கள்.

விளக்கு இப்போது நன்றாக எரிகிறது. கிழக்கு மூலை போனால் அது மட்டும்தான் போகிறது. அந்த நேரத்தில் நான் கதவைச் சாத்துவதில்லை. சத்தம் கேட்டு முடியும் வரை வாசலில் நின்றுவிட்டு உள்ளே வருகிறேன்.

விசாரணை பிப்ரவரி 4, திங்கட்கிழமை காலை, அலோர் காஜாவில். முடிவை அன்றே சொல்வார்களா, கோலாலம்பூருக்கு எழுதிக் கேட்பார்களா என்று தெரியவில்லை. சாட்சிகளில் என்னோடு மருதமுத்து அண்ணனும் இருக்கிறார். தானாகவே போய்ப் பெயர் கொடுத்திருக்கிறார். எந்தப் பக்கம் பேசப்போகிறாய் என்று கார்ப்பரல் கேட்டதற்கு, “அன்னிக்குச் சொல்றேன்” என்றாராம். பஸ் அந்த நேரத்துக்கு இல்லை. வீரமுத்து அண்ணன் லாரியின் முன்சீட்டில் எங்கள் இருவருக்கும் இடம் வைத்திருக்கிறார்.

பெரியநாயகி